ரிசீவர் வருகிறார்

குதிரை வண்டி என் கடை வாசலில் வந்து நின்றபோது மத்தியானம் இரண்டு மணி இருக்கும். எழுபதுகளின் கடைசி. தென்னூரில் அந்த நேரத்து வெயிலுக்கு நாய்கூட நிழலை விட்டு எழுந்திருக்காது.

வண்டிக்குள்ளிருந்து முதலில் ஒரு குடை வந்தது. பின்னாலேயே வரதாச்சாரி வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர். பொன்மலை ரயில்வே ஆபீஸில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றித் திருமண் வியர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது.

“மாணிக்கம், ஒரு கை பிடி” என்றார்.

வண்டியில் ஒரு மூட்டை. அரக்குக் கலரில் ஒன்பது கஜப் பட்டுப்புடவை, அதற்குள் ஏதோ கனமாக. தூக்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் செய்த ஆம்ப்ளிஃபையர். பதினெட்டு கிலோ. அதில் பாதி எடை நான் கையால் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்.

“என்ன சாமி, ரிப்பேரா?”

“ரிப்பேர் இல்லை. இதை ஒளிச்சு வை.”

“ஒளிக்கிறதா?”

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நாளன்னிக்கு ரிசீவர் வரான். ஆத்துல இருக்கிறதை எல்லாம் பட்டியல் எடுத்து சீல் வெச்சுடுவான். வேற எது போனாலும் போகட்டும். இது போகப்படாது.”

“மாமிக்குத் தெரியுமா?”

“அவ பொண்ணு பிரசவத்துக்கு டெல்லி போயிருக்கா. சொன்னா அங்கேயே படுத்துண்டுடுவா.”

“அப்ப இந்தப் புடவை?”

“அது அவ கல்யாணப் புடவை. அதையும் சேர்த்து ஒளிச்சு வை.”

ரிசீவர் என்றால் கோர்ட்டு அனுப்பும் ஆள். சொத்துக்குப் பங்காளிகள் அடித்துக்கொண்டால், வழக்கு முடியும்வரை அதை வைத்துப் பார்த்துக்கொள்ளக் கோர்ட்டே ஒருவரை நியமிக்கும். அவர் வந்து சாவியைக் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். வரதாச்சாரிக்கும் அவர் தம்பி சம்பத்துக்கும் வீட்டு வழக்கு நடப்பது ஊருக்கே தெரியும். தம்பியின் வக்கீல் ஒரு தடவை கோர்ட்டு வராந்தாவில் நின்று, “ரிசீவர் போட்டுப் பூட்டிடுவோம்” என்று சத்தம் போட்டதும் தெரியும்.

நான் ஆம்ப்ளிஃபையரை மேஜைக்கு அடியில் தள்ளி, சாக்குப் படுதாவை இழுத்துவிட்டேன். புடவையை என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

மூன்றாம் வகுப்பும் இரண்டு செவியும்

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன வாரம் பொன்மலையில் ஒரே ராத்திரியில் நூறு ஸ்பீக்கர் குழாய் கட்டிய கதையை எழுதினேன். அதைப் படித்த ஒருவர், “உங்களுக்குத் தற்பெருமை அதிகம்” என்று கார்டு போட்டிருக்கிறார். ஐயா, நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் பெருமையை நான் சொல்லாமல் எந்த வாத்தியார் வந்து சொல்லப்போகிறார்?

மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் நெல் கொட்டுவதுதான் என் முதல் வேலை. அத்தனை இரைச்சலுக்கு நடுவே பெல்ட்டு நழுவப்போவது எனக்கு மட்டும் முன்கூட்டியே கேட்கும். கையைத் தூக்குவேன், மோட்டாரை நிறுத்துவார்கள், போய்ப் பார்த்தால் பெல்ட்டு விளிம்பில் நிற்கும். கடவுள் எனக்கு எழுத்தைக் கொடுக்கவில்லை. காதைக் கொடுத்தான்.

அந்தக் காதை வைத்துத்தான் ரேடியோ கற்றுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ரேடியோவின் கண்ணாடி வால்வு மேல் அச்சடித்திருக்கும் எழுத்தும் நம்பரும்தான். அது போதும் என்று இருந்துவிட்டேன். திருச்சி ஜில்லாவில் நான் செய்த வால்வு செட்டுக்கு இணையாக ஒரு செட்டு கிடையாது என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன், ஒரே ஒரு திருத்தத்தோடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

வரதாச்சாரியின் செட்டை நான் செய்த காலத்தில் அந்த வீட்டில் சுவர் இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே சைக்கிளில் கடைக்கு வந்தார்கள். அண்ணன் மிதித்தார், தம்பி பின்னால் உட்கார்ந்திருந்தார். வந்ததும் என் எதிரிலேயே தகராறு.

“பாடறவர் குரல் தெளிவா இருக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்” என்றார் அண்ணன்.

“குரல்தான் எதுலயும் கேக்கறதே. வயலின் வில்லு இழுக்கிற சத்தம் கேக்கணும்” என்றார் தம்பி.

இரண்டையும் கொடுத்தேன். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் மூன்று தடவை பிரித்துச் சுற்றினேன். ஒயர் சொருகக் கிராமபோன் தட்டுக்கு ஒரு வாய், பழைய ரேடியோவுக்கு ஒரு வாய். சனிக்கிழமை சாயந்திரம் இரண்டு பேரும் கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்தால், வால்வுகளின் ஆரஞ்சு வெளிச்சம் சுவரில் விழும். சூடேறிய வார்னிஷ் வாசனை வரும். சமையலறையிலிருந்து மாமி, “தளிகை ஆயிடுத்து” என்று மூன்று தடவை கூப்பிடுவார். ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

பிறகு அவர்கள் அப்பா காலமானார். பாகம் பிரிக்கும்போது வார்த்தை தடித்தது. கூடத்தின் நடுவே செங்கல் சுவர் எழும்பியது. பிளக் பாயிண்ட் அண்ணன் பக்கம் இருந்ததால் ஆம்ப்ளிஃபையரும் அவர் பக்கம் போயிற்று. வேறு நியாயம் எதுவும் இல்லை. வழக்கு முடியும்வரை அந்தச் சுவரில் இரண்டு பேரும் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்று கோர்ட்டு உத்தரவு போட்டது. கொல்லைக் கிணறு மட்டும் பொது. ஏழெட்டு வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை.

வெள்ளிப் பெட்டி

சனிக்கிழமை காலை கடையைத் திறந்தபோது வாசலில் டாக்சி. இறங்கியவர் சம்பத். கையில் பெரிய அட்டைப்பெட்டி. ஒளித்து வைத்தது தெரிந்து கோர்ட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாரோ? காலால் சாக்குப் படுதாவை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

“மாணிக்கம், இதைக் கொஞ்சம் பாருங்கோ. மாப்பிள்ளை குவைத்துலேர்ந்து கொண்டு வந்தார். மெட்ராஸ் போய் நானே வாங்கிண்டு வந்தேன்.”

பெட்டியைத் திறந்தார். ஜப்பான் சரக்கு. வெள்ளி மாதிரி முகப்பு. நீள டயல். பவரைப் போட்டதும் பச்சை வெளிச்சம், அதற்குள் மெல்லிசாக ஒரு முள். கனத்த அலுமினிய நாப்பைத் தொட்டால் வெண்ணெயில் விரல் போவதுபோல் சுற்றியது.

“அழகாத்தான் இருக்கு. என்ன சாமி இது?”

“இதான் ரிசீவர்.”

“எது?”

“ரிசீவர். ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒண்ணா இருந்தா அதுக்கு ரிசீவர்னு பேராம். ஏன் ஒரு மாதிரி பாக்கறேள்?”

“ஒண்ணுமில்லை. இது வர்றதை வீட்டுக்குச் சொல்லியிருந்தீங்களா?”

“தந்தி அடிச்சேனே. ‘ரிசீவரோட வியாழக்கிழமை வரேன்’னு.”

அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் இன்னும் ஒரே கதவிலக்கம்தான். தந்திக்காரன் முதல் கதவைத் தட்டியிருக்கிறான். வரதாச்சாரி பிரித்துப் படித்துவிட்டு, ஒட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். படித்த மனிதர் என்பதால் வந்த வினை இது. நானாக இருந்தால் தம்பி வீட்டுக்கு டெலிபோன் வருகிறது என்று நினைத்திருப்பேன். எனக்கு ரிசீவர் என்றால் காதில் வைத்துப் பேசுவதுதான்.

சிரிப்பை அடக்க ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதுபோல் குனிந்தேன். குனிந்த இடத்தில் படுதாவுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபையர் இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. ஒளித்து வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

“இதுல என்ன குறை?” என்றேன்.

“குறைன்னு சொல்லத் தெரியலை. எல்லாம் கேக்கறது. ஆனா சத்தத்துல ஈரமே இல்லை. அண்ணா செட்டுல பாடறவர் நம்ம கூடத்துல வந்து உக்காந்துப்பார். இதுல அவர் எங்கேயோ மேடையில இருக்கார். அந்த மாதிரி இதைப் பாட வைக்க முடியுமா?”

“அண்ணன் செட்டு எப்படிப் பாடும்னு உங்களுக்கு இன்னுமா ஞாபகம்?”

“ஞாபகம் எதுக்கு? தினம் கேக்கறேனே. சுவத்தோரம்தான் என் கட்டில்.” சம்பத் டயலைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் தூசி எதுவும் இல்லை. “மாணிக்கம், நீங்க அந்தப் பக்கம் போனேளா? செவ்வாய்க்கிழமைலேர்ந்து அங்கே சத்தமே இல்லைன்னு என் ஆம்படையா சொல்றா. மன்னியும் ஊர்ல இல்லை. நான் வந்து ரெண்டு நாளாச்சு, நானும் காதை வெச்சுப் பாத்துட்டேன். இருமல்கூடக் கேக்கலை. கதவைத் தட்டலாம்னா… வேண்டாம். தட்டினா கோர்ட்டு விஷயம்னு நினைச்சுப்பார்.”

அவர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தென்னூர்வரை வந்ததன் காரணம் இப்போது தெரிந்தது. ரிசீவர் சாக்கு.

“பெட்டியை வெச்சிட்டுப் போங்க. அந்தப் பக்கம் எனக்கு வேலை இருக்கு. பாத்துட்டு வரேன்” என்றேன்.

இரண்டும் எதிரெதிரே

அவர் போனதும் கடைக் கதவைச் சாத்தினேன். மேஜைக்கு அடியிலிருந்து என் செட்டை வெளியே எடுத்தேன். வெள்ளிப் பெட்டியை அதன் பக்கத்தில் வைத்தேன். ஒரே கிராமபோன் தட்டு, ஒரே ஸ்பீக்கர். ஒயரை மட்டும் இதிலிருந்து அதற்கு மாற்றி மாற்றிக் கேட்டேன். ஜெயிக்கப்போவது யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலில் ரிசீவர். தம்புராவின் நாலு தந்தியையும் தனித்தனியாக எண்ணலாம் போலிருந்தது. வயலின்காரர் வில்லைத் திருப்பும் இடம் கேட்டது. பாட்டுக்கு நடுவே யாரோ ஏடு புரட்டினார். நூறு தடவை கேட்ட தட்டு. அந்த ஏட்டை நான் கேட்டதே இல்லை.

பிறகு என்னுடையது. குரல் வந்து முன்னால் உட்கார்ந்தது. மிருதங்கத்தின் இடது பக்கம் அடிவயிற்றில் பட்டது. ரிசீவரில் அதே அடி காதில்தான் தட்டியது. இங்கே ஜெயித்தேன். ஆனால் நாலு தந்தியும் ஒன்றாகிவிட்டன. ஏடு காணாமல் போனது. பாட்டு ஓய்ந்த இடத்தில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். என் செட்டின் முனகல். இத்தனை வருஷம் அது தம்புராவில் சேர்ந்து போவதால் யாரும் கவனிக்கவில்லை, நான் உள்பட.

சொன்னேனே, ஒரே ஒரு திருத்தம். அது இதுதான்: குரலுக்கும் மிருதங்கத்துக்கும் என் செட்டு. வயலினுக்கும் தம்புராவுக்கும் ஜப்பான் செட்டு. அண்ணன் கேட்டதை நான் கொடுத்தேன். தம்பி கேட்ட வில்லுச் சத்தத்தை நான் கொடுக்கவில்லை, ஜப்பான்காரன் கொடுத்துவிட்டான். இதை வேறு எந்தக் கடைக்காரனும் ஒப்புக்கொள்ள மாட்டான். நான் ஒப்புக்கொண்டேன். அதுவும் ஒரு பெருமைதான்.

கடைசியாக ரேடியோவை வைத்துப் பார்த்தேன். ரிசீவரில் பாதி டயல் எஃப்.எம். அன்றைக்குத் திருச்சியில் அதில் வெறும் காற்றுதான் வரும். மற்றப் பாதியில் திருச்சி ஸ்டேஷன் அப்படி வந்தது! ஸ்டேஷன் சரியாக விழுந்தால் முள் உச்சிக்குப் போய் நின்றுவிடும். ‘சரியா இருக்கா’ என்று பக்கத்தில் யாரையும் கேட்கவேண்டாம். வரதாச்சாரியின் பழைய ரேடியோவோ நாலு வருஷமாக விசிலடித்துக்கொண்டிருந்தது. ஸ்டேஷனைப் பிடிக்கும் வேலை இதற்கு; பாடும் வேலை அதற்கு. என் புத்தி அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்தது.

பச்சை வெளிச்சம் போட்டு வந்தவர்

ஆம்ப்ளிஃபையரையும் புடவையையும் ஒரு கோணிப்பைக்குள் வைத்துத் தைத்து, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றினேன். காவேரிப் பாலத்தில் காற்று வந்தது. அப்போது பாதியில் நின்றிருந்த ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் தெரிந்தது. கண்டக்டர், “இதென்ன, பிணமா?” என்று கேட்டார். “வெளியில எடுத்தா பாடும்” என்றேன். அதற்குப் பிறகு அவர் என் பக்கமே வரவில்லை.

வரதாச்சாரி கதவைப் பாதிதான் திறந்தார். சவரம் செய்யாத முகம். உள்ளே ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பத்திரக் கட்டு பாயில் கிடந்தது.

“என்னடா, அதைத் திருப்பிக் கொண்டு வந்துட்டே? இன்னும் அவன் வரலை. வியாழக்கிழமை பூரா பத்திரத்தை மடியில வெச்சுண்டு உக்காந்திருந்தேன். நேத்தும் உக்காந்திருந்தேன். தளிகைகூடப் பண்ணலை. புகையைப் பாத்தா ஆள் இருக்கான்னு தெரிஞ்சுடுமே.”

“ரிசீவர் வந்தாச்சு சாமி.”

தூணைப் பிடித்துக்கொண்டார். “எப்போ?”

“வியாழக்கிழமையே. நான் நேர்ல பாத்தேன். நல்ல நிறம், வெள்ளி மாதிரி. பவரைப் போட்டா பச்சை வெளிச்சம். ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைக்கணும்.”

ரயில்வேயில் முப்பது வருஷம் இங்கிலீஷில் கடிதம் எழுதியவர். அர்த்தம் உள்ளே இறங்கியது முகத்தில் தெரிந்தது.

“ரேடியோவா?”

“ரேடியோதான்.”

“பெருமாளே!” என்று பாயில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. “அவன் அப்படிச் செய்வான்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்காம நம்பிட்டேன் பாரு” என்றார்.

கோணியைப் பிரித்தேன்.

“இதை அவன்கிட்ட சொல்லிடாதே.”

“சொல்லலை. ஆனா அவர் ஒண்ணு கேட்டார். உங்க பக்கம் நாலு நாளா சத்தமில்லையாம். இருமல்கூடக் கேக்கலையாம். ‘அண்ணாவுக்கு உடம்புக்கு என்ன’ன்னு கேட்டார்.”

வரதாச்சாரி சுவரைப் பார்த்தார். உடனே ஓர் இருமல் வந்தது. நிஜ இருமலா, இருமிக் காட்டினாரா, எனக்குத் தெரியாது.

எதையும் தொடாமல் ஒரு ஒயர்

என் திட்டத்தைச் சொன்னேன். ஸ்டேஷனைத் தம்பி வீட்டு ரிசீவர் பிடிக்கட்டும். அங்கிருந்து ஒரு ஒயர். இங்கே என் செட்டு பாடட்டும்.

“சுவத்துல ஆணி அடிக்கப்படாது. கோர்ட்டு உத்தரவு.”

“சுவத்தை யாரு தொடறா? கிணத்துக்கு மேல போகுது ஒயர். கிணறு பொது. அதுக்கு மேல இருக்கிற ஆகாசத்தைப் பத்தி உத்தரவுல ஏதாவது எழுதியிருக்கா?”

யோசித்தார். “இல்லை” என்றார். பிறகு, “இதை அவன் கேட்டானா?”

“அவர்தான் கேட்டார்” என்றேன்.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். சம்பத்தும் அதையே கேட்டார். “அண்ணாவா கேட்டார்?” “அவர்தான் கேட்டார்” என்றேன். ஒரே பொய், இரண்டு வீட்டுக்கும் சரிபாதி. கோர்ட்டு இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பாகம் பிரித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளிப் பெட்டியைக் கடையிலிருந்து கொண்டுபோய்த் தம்பி வீட்டில் வைத்துவிட்டு ஒயரை இழுத்தேன். போட்டதும் ஒரு உறுமல், ரைஸ் மில்லே உள்ளே வந்துவிட்டதுபோல. தெரிந்ததுதான். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர், தனித்தனி எர்த். இரண்டு எர்த்தை ஒரு ஒயரில் சேர்த்தால் ஒன்றோடு ஒன்று சண்டை போடும். அதற்கு மருந்து கையோடு கொண்டு போயிருந்தேன்: தீப்பெட்டி அளவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். உள்ளே இந்த வீட்டுக் கம்பி, அதற்கு மேல் காகிதம், அதற்கு மேல் அந்த வீட்டுக் கம்பி. ஒன்றை ஒன்று தொடாது. பாட்டு மட்டும் தாண்டிப் போகும். நடுவில் வைத்தேன். உறுமல் அடங்கியது.

சம்பத்துக்கு முள்ளைக் காட்டிக் கொடுத்தேன். “இது உச்சியில நிக்கற இடம்தான் ஸ்டேஷன். காதே வேண்டாம், கண்ணு போதும்.” அவர் தலையை ஆட்டினார். நான் அண்ணன் கூடத்துக்கு வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

காலைக் கச்சேரி. பாடகர் ஆலாபனையை மெல்ல விரித்தார். விசில் இல்லை, இரைச்சல் இல்லை. குரல் வந்து கூடத்தில் உட்கார்ந்தது. பின்னால் வயலின் வில்லைத் திருப்பும் இடம்கூட லேசாகக் கேட்டது. என் செட்டில் நான் கேட்காத சத்தம் அது. வரதாச்சாரி கண்ணை மூடியிருந்தார். விரல் மட்டும் தொடையில் அசைந்தது.

திடீரென்று ஒரு கீச்சல். ராகம் அறுந்தது. ஒரு பெண் சோப்பு விளம்பரம் படித்தாள். சிலோன் ரேடியோ!

வரதாச்சாரி எழுந்த வேகத்தில் மேல்வேட்டி பாயில் விழுந்தது. கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

“டேய் சம்பத்! எதுக்குடா திருப்பறே? ஆலாபனை போயிண்டிருக்குடா!”

சோப்பு விளம்பரம் மட்டும் கூடத்துக்குள் தன்பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தது. வரதாச்சாரி கையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “இதோ… இதோ திருப்பறேண்ணா.”

கீச்சென்று ஓடியது டயல். ஒரு துண்டு வயலின், மறுபடி இரைச்சல்.

“இப்போ சரியாண்ணா?”

“இல்லை. தாண்டிப் போயிட்டே. பின்னாடி வா.”

“இப்போ?”

“இன்னும் கொஞ்சம். ஆங்… அங்கேதான். இல்லை, நழுவிடுத்து.”

“இப்போ?”

நான் கூடத்தில் உட்கார்ந்து சிகரெட்டைத் தேடினேன். என் காதுக்கு ஸ்டேஷன் எப்போதோ சரியாக வந்து விழுந்துவிட்டிருந்தது. அந்தப் பக்கம் சம்பத்தின் கண்ணுக்கு எதிரே முள் உச்சியில் நின்றுகொண்டிருக்கும், பச்சை வெளிச்சத்தில்.

“இப்போ சரியா இருக்காண்ணா?” என்று அவர் மறுபடியும் கேட்டார்.

“இரு, சொல்றேன்” என்றார் அண்ணன்.